மறுபடியும் தப்பும் தாளம்

இதய மருத்துவர்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சரியாகிவிட்டது என்றுதானே சொன்னீர்கள் டாக்டர், மறுபடி எப்படி வந்தது?” கேட்பவர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவராக இருப்பார். மருத்துவமனைகளில் அதைச் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், நாடி சீரானது, ஈசிஜி ஒழுங்காக வந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து ஓர் இரவில் நெஞ்சு மறுபடி படபடக்கத் தொடங்கியது. அந்தக் கேள்விக்குள் வருத்தம் இருக்கும். சிகிச்சையில் ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்ற சந்தேகமும் இருக்கும். பெரும்பாலும் தவறு எதுவும் நடந்திருக்காது. ஏன் திரும்பி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே மருத்துவ உலகுக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையில் இங்கிலாந்தின் பொது மருத்துவர் ஒருவருக்கும், கொய்னா மாத்திரையைக் கையோடு வைத்திருந்த வணிகர் ஒருவருக்கும், நெதர்லாந்தின் சில ஆடுகளுக்கும் பங்கு உண்டு.

முதலில் சீரான இதயம். வலது மேலறையின் உச்சியில், உடலின் மேற்பகுதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் முடிச்சு என்ற சிறிய தசைத்திட்டு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் 1907-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவர். நாம் ஓய்வாக இருக்கையில் இந்த முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 மின்னலைகளை எழுப்புகிறது. ஒவ்வோர் அலையும் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இரண்டு மேலறைகளையும் கடந்துவிடும். மேலறைகள் சுருங்கிக் கீழறைகளுக்குள் ரத்தத்தைத் தள்ளும். நடுவிலுள்ள ஏவி முடிச்சு அலையைச் சற்றே நிறுத்திக் கீழே விடும்; பிறகு கீழறைகள் சுருங்கும். மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படுவது அந்தச் சுருக்கம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஓர் அதிசயம் இருக்கிறது. மேலறை முழுவதும் ஓடிய அலை அதோடு ஏன் நின்றுவிடுகிறது? தசைச் செல்கள் எல்லாம் ஒன்றோடொன்று மின்னிணைப்பு உள்ளவை. அலை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கலாமே? நிற்பதற்குக் காரணம் களைப்பு. அலை கடந்துபோன ஒவ்வொரு செல்லும் மிகச் சிறிது நேரம் எந்தத் தூண்டலுக்கும் அசையாது. அலை முழு மேலறையையும் கடந்து முடிக்கும்போது தூண்டுவதற்கு விழித்திருக்கும் செல் எதுவும் மிச்சம் இருக்காது. அலை அடங்குகிறது, அடுத்த அலைக்காக இதயம் காத்திருக்கிறது. அந்தச் சிறு ஓய்வு நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அதை ஒட்டியதுதான்.

ஏஎஃப் வந்த மேலறையில் ஒரே அலைக்குப் பதில் பல சிற்றலைகள் ஒரே சமயத்தில் திரிகின்றன. மோதுகின்றன, உடைகின்றன, உடைந்த இடத்திலிருந்து புதியவை கிளம்புகின்றன. தசையின் ஒவ்வொரு பகுதியும் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை தூண்டப்படுகிறது. அந்த வேகத்தில் சுருங்கி விரிய நேரம் ஏது? மேலறை வெறுமனே நடுங்குகிறது. அத்தனை அலைகளும் கீழே இறங்கினால் உயிர் தங்காது. ஏவி முடிச்சு பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தப்பி இறங்குபவை எந்த ஒழுங்கும் இல்லாமல் இறங்குகின்றன. அதனால்தான் ஏஎஃப் உள்ளவரின் நாடியில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

தாறுமாறான இந்த நாடியை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அது மேலறையிலிருந்து வருகிறது என்பதற்கு முதல் தடயம் ஜேம்ஸ் மெக்கன்ஸி என்ற பொது மருத்துவரிடம் கிடைத்தது. வடமேற்கு இங்கிலாந்தில் பஞ்சாலைகள் நிறைந்த பர்ன்லி ஊரில் அவர் வைத்தியம் பார்த்துவந்தார். கழுத்துச் சிரையின் அசைவையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே தாளில் வரையும் கருவியைத் தாமே உருவாக்கிக்கொண்டார். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண்ணைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தார். அவர் நாடி தாறுமாறான பிறகு, மேலறைச் சுருக்கத்தால் சிரையில் எழும் சிறு மேடு தாளில் காணாமல் போயிருந்தது. மேலறை செயலற்றுவிட்டது என்று மெக்கன்ஸி நினைத்தார். 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ், எய்ந்தோவன் உருவாக்கிய ஈசிஜி கருவியின் துணையோடு, மேலறை அடங்கிக் கிடக்கவில்லை, ஓயாமல் நடுங்குகிறது என்று காட்டினார். வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார்கள். பெரிய கருவிகள் இல்லாத ஒரு பொது மருத்துவர், ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்ததால் கிடைத்த தடயம் அது. என்னைக் கேட்டால், இதய மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் அதிகம் இல்லை.

நடுக்கத்தை நிறுத்தும் வழி ஒரு நோயாளியிடமிருந்தே வந்தது. 1912-இல் டச்சு வணிகர் ஒருவர் கார்ல் வெங்கெபாக் என்ற மருத்துவரிடம் தாறுமாறான நாடியோடு வந்தார். இதற்கு மருந்தில்லை என்று வெங்கெபாக் சொல்ல, நாளை காலை சீரான நாடியோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார் வணிகர். சொன்னபடியே வந்தார். மலேரியா மிகுந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வணிகம் செய்தவர் அவர். ஒரு கிராம் கொய்னா சாப்பிட்டால் தம் நாடி சீராவதைத் தாமே கண்டறிந்திருந்தார். வெங்கெபாக் மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெகு சிலருக்கே பலித்தது. 1918-இல் வால்டர் ஃபிரே, சின்கோனா பட்டையின் இன்னொரு சத்தான குவினிடின் மேலும் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். இந்த மருந்து செல்லின் ஓய்வு நேரத்தை நீட்டுகிறது. ஓய்வு நீண்டால் சிற்றலைகள் திரிய இடமின்றி அடங்கும்.

1962-இல் பாஸ்டனைச் சேர்ந்த பெர்னார்ட் லோன், நெஞ்சின் மீது ஒரே ஒரு நேர்மின்னோட்ட அதிர்ச்சியைச் சரியான கணத்தில் செலுத்தி ஏஎஃப்பை நிறுத்திக் காட்டினார். அதிர்ச்சி எல்லாச் செல்களையும் ஒரே நொடியில் களைப்படையச் செய்கிறது. அலைகள் எல்லாம் ஒன்றாக அணைகின்றன. முதலில் விழிக்கும் சைனஸ் முடிச்சு மறுபடி பொறுப்பை ஏற்கிறது. இன்றும் உலகெங்கும் நடக்கும் சிகிச்சை இது. ஆனால் மருந்தின் துணை இல்லாவிட்டால் பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் ஏஎஃப் திரும்பிவிடுகிறது. அதிலும் முதல் சில நாட்களிலேயே திரும்புவது அதிகம். அந்த முதல் நாட்களில் அப்படி என்ன இருக்கிறது?

விடை கிடைத்தது மாஸ்ட்ரிக்ட் நகரத்தில். மாரிஸ் அலெஸியின் குழு ஆரோக்கியமான ஆடுகளின் மேலறையில் மின்முனைகளைப் பொருத்தியது. அவற்றோடு இணைந்த கருவி, இதயம் சீரான தாளத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மின்தொடரை அனுப்பி ஏஎஃப்பை மறுபடி கிளப்பும். தொடக்கத்தில் ஏஎஃப் ஏறக்குறைய ஆறு நொடிகளில் தானாக அடங்கியது. நாளாக ஆக அடங்குவதற்கு அதிக நேரம் பிடித்தது. ஒன்றிரண்டு வாரங்களில், 11 ஆடுகளில் 10-க்கு ஏஎஃப் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடத் தொடங்கியது. ஆடுகளுக்கு இதய நோய் எதுவும் இல்லை. ஏஎஃப்பை ஏற்பட வைத்ததைத் தவிர வேறு எதுவும் அவற்றுக்குச் செய்யப்படவில்லை. 1995-இல் வெளியான இந்த ஆய்வு சொன்னது இதுதான்: ஏஎஃப்பே ஏஎஃப்பை வளர்க்கிறது.

அது எப்படி என்று செல்லுக்குள் பார்த்தவர்கள் கண்டது வியப்பானது. ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்க நேர்ந்தால் அளவுக்கு மீறிக் கால்சியம் சேரும். அது செல்லுக்கு நஞ்சு. செல் தன்னைக் காத்துக்கொள்ளக் கால்சியம் நுழையும் வாயில்களைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் செல் பிழைக்கிறது. ஆனால் கால்சியம் குறைவாக நுழைவதால் ஒவ்வொரு தூண்டலும் சீக்கிரம் முடிந்து, ஓய்வு நேரமும் குறுகிவிடுகிறது. ஆடுகளில் ஏறக்குறைய 146 மில்லிநொடியாக இருந்த ஓய்வு 95 அளவுக்குக் குறைந்தது. ஓய்வு குறுகிய தசையில் செல்கள் சீக்கிரம் விழிக்கின்றன, சிற்றலைகளுக்குத் திரிய இடம் பெருகுகிறது, நடுக்கம் நிலைக்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் உயிரைக் காக்கச் செய்துகொண்ட ஏற்பாடு, எல்லாம் சேர்ந்து இதயத்தின் நோயை நிலைநிறுத்துகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

நல்ல செய்தியும் அதே ஆடுகளிடமிருந்தே வந்தது. ஏஎஃப்பை நிறுத்திச் சீரான தாளத்தில் வைத்திருந்தபோது, ஒரு வாரத்துக்குள் ஓய்வு நேரம் பழைய அளவுக்கு நீண்டது. செல் கற்றதை மறந்துவிட்டது. மின்னதிர்ச்சிக்குப் பின் முதல் நாட்கள் ஏன் ஆபத்தானவை என்பது இப்போது விளங்கும். தாளம் சீராகிவிட்டது, தசை இன்னும் பழைய நிலையிலிருந்து மீளவில்லை. அந்த இடைவெளியில் தப்பிப் பிறக்கும் ஒரு துடிப்பு போதும், நடுக்கம் மறுபடி தொடங்கிவிடும்.

ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஏஎஃப் நீடித்தால் இன்னொரு மாற்றம் சேர்கிறது. மேலறை விரிகிறது. செல்களுக்கு நடுவே நார்த்திசு படிகிறது. அலைகள் அந்த நார்களில் தடுக்கி வளைந்து உடைகின்றன. இந்த மாற்றம் ஒரு வாரத்தில் மறையாது. பெரும்பகுதி மறைவதே இல்லை. வந்து வந்து தானாக அடங்கும் ஏஎஃப், அடங்க மறுக்கும் ஏஎஃப் என்று மருத்துவர்கள் பிரித்துப் பேசுவதன் பின்னால் இருப்பது இந்த வேறுபாடுதான்.

சரி, அந்தத் தப்பிப் பிறக்கும் துடிப்பு எங்கிருந்து வருகிறது? 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசாகெர் குழு இதற்கு விடை சொன்னது. அடிக்கடி ஏஎஃப் வரும் 45 பேரின் இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்களைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் முதல் பொறி எங்கே எழுகிறது என்று தேடினார்கள். கண்டுபிடித்த 69 இடங்களில் 65, அதாவது 94 சதவீதம், நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து தூய ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் நான்கு சிரைகள் அவை. இதயத்துக்கு வெளியே இருக்கும் குழாயில் இதயத்துடிப்பு எப்படிப் பிறக்கும்? மேலறைத் தசை இந்தச் சிரைகளின் சுவருக்குள் சில சென்டிமீட்டர் தூரம் உறைபோல நீண்டிருக்கிறது. அங்கே தசைநார்கள் பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருப்பதால், தன்னிச்சையாகத் துடிக்கும் பொறிகளுக்கு அது வாய்ப்பான இடம்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. கல்கத்தாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஜோசஃப் ஃபேரரும், அவரோடு லாடர் பிரன்டனும் 1870-களில் இந்திய நச்சுப் பாம்புகளின் விஷம் உடலில் என்ன செய்கிறது என்று சேர்ந்து ஆராய்ந்தவர்கள். விலங்குகளில் இதய அறைகள் அசைவற்ற பிறகும் நுரையீரல் சிரைகள் தனியே துடிப்பதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்பின் முழுப் பொருளும் விளங்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

போர்தோ ஆய்வுக்குப் பின் சிகிச்சையின் திசையே மாறியது. அப்லேஷன் என்ற சிகிச்சையில் தொடைச் சிரை வழியாகக் கதீட்டரை வலது மேலறைக்குக் கொண்டுபோய், நடுச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் நுழைகிறார்கள். துளைக்கும் இடம், நாம் கருவில் இருந்தபோது ரத்தம் கடந்துபோன பழைய வழி. பிறந்த பிறகு மெல்லிய சவ்வாக மூடிக்கொண்டது. பிறகு சிரை வாய்களைச் சுற்றியுள்ள தசையை வெப்பத்தால் சுடுகிறார்கள், அல்லது பலூனால் உறைய வைக்கிறார்கள், அல்லது மிகக் குறுகிய மின்துடிப்புகளால் செல்லுறைகளில் துளையிடுகிறார்கள். மூன்றாவது முறை அண்மைக் காலத்தில் பரவிவருவது. எப்படிச் செய்தாலும் நோக்கம் ஒன்றே: சிரை வாயைச் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத வடு வளையம் ஒன்று உருவாக வேண்டும். உள்ளே பொறி எழட்டும். வெளியே வரக் கூடாது.

வயலைச் சுற்றிய வரப்பு அந்த வளையம். எங்கேனும் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், விடிவதற்குள் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போயிருக்கும். அப்லேஷனில் வளையத்தின் சில இடங்களில் தசை முழுதாகச் சாகாமல் வீங்கி மயங்கிக் கிடக்கும். சிகிச்சை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது அந்த இடத்தில் மின்சாரம் கடக்காது. வீக்கம் வடிந்ததும் அந்த இடம் உயிர் பெற்றுவிடுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், வளையம் முழுமை என்று உறுதி செய்யப்பட்டவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். பத்தில் ஏழு பேரிடம் எங்கேனும் ஓர் இடத்தில் இணைப்பு திரும்பியிருந்தது. அப்லேஷனுக்குப் பின் ஏஎஃப் திரும்புவதற்கு முதன்மையான காரணம் இதுவே. இரண்டாம் முறை அப்லேஷன் செய்யும்போது மருத்துவர் முதலில் தேடுவதும் அந்தத் திறப்பைத்தான்.

அதே சமயம், வரப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வயலே மாறிவிட்டிருந்தால் பயன் குறையும். நார்த்திசு படிந்த மேலறை, சிரைகளின் தூண்டுதல் இல்லாமலும் நடுங்கக்கூடியது. அப்படியானால் இன்னும் நிறைய சுட்டால் நல்லதா? பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அடங்க மறுக்கும் ஏஎஃப் உள்ள 589 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். சிரை வாய்களை மட்டும் தனிமைப்படுத்தியவர்களில் 59 சதவீதம் பேருக்கு 18 மாதம் வரை ஏஎஃப் திரும்பவில்லை. கூடுதலாகப் பல இடங்களைச் சுட்ட இரண்டு பிரிவுகளிலும் அது 50 சதவீதத்தைத் தொடவில்லை. அதிகம் சுடுவது அதிகம் குணமாக்கவில்லை. சுட்ட வடுக்களைச் சுற்றி ஓடும் புதிய தாளக் கோளாறுகளும் சிலருக்கு வருவதுண்டு. கூடவே, இதயத்தைச் சுற்றி ரத்தக் கசிவு, பக்கவாதம் போன்ற சிக்கல்கள் அரிதாக நேரக்கூடிய சிகிச்சை இது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

‘திரும்பியது’ என்று எதைச் சொல்கிறோம்? ஆய்வுகளில் 30 நொடி ஏஎஃப் பதிவானாலே திரும்பியதாகக் கணக்கு. அப்லேஷன் முடிந்த முதல் வாரங்களில் மேலறை புண்பட்டு அழற்சியில் இருப்பதால், அந்தக் காலத்தில் வரும் ஏஎஃப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்பு மூன்று மாதமாக இருந்த இந்த விலக்கை 2024-இல் இரண்டு மாதமாகக் குறைத்தார்கள். இந்தக் காலத்தில் படபடப்பு வந்தவர்களில் பலருக்கு அது பின்னர் நிலைப்பதில்லை. இதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் உறக்கமற்ற இரவுகள் மிச்சமாகும்.

முப்பது நொடிக் கணக்கு எவ்வளவு கண்டிப்பானது என்பதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 346 பேருக்கு அப்லேஷன் செய்து, ஒவ்வொருவரின் நெஞ்சுத் தோலுக்கடியிலும் இரவும் பகலும் பதிவு செய்யும் சிறு கருவியை வைத்தார்கள். ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு தாளக் கோளாறு திரும்பியிருந்தது. ஆனால் ஏஎஃப்பில் கழியும் மொத்த நேரம் 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மாதத்தில் பல நாட்கள் படபடப்பில் படுத்திருந்தவருக்கு ஆண்டில் சில நிமிடம் மட்டும் வந்துபோனால் அதைத் தோல்வி என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ‘வந்ததா, வரவில்லையா’ என்று கேட்பதைவிட, ‘எவ்வளவு நேரம், எவ்வளவு தொந்தரவு’ என்று கேட்பதே நேர்மையான அளவு.

இதற்கு நேர்எதிரான ஆபத்து ஒன்றும் உண்டு: திரும்பியது தெரியாமலே இருப்பது. உடலுக்குள் பதிவுக் கருவி வைத்து அப்லேஷனுக்கு முன்னும் பின்னும் கவனித்த 2013 ஆய்வில், சிகிச்சைக்கு முன் நோயாளி உணர்ந்த ஏஎஃப்பும் உணராத ஏஎஃப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன. சிகிச்சைக்குப் பின் உணர்ந்த ஒன்றுக்கு உணராதவை நான்கு என்ற அளவை நெருங்கின. எனவே ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை, குணமாகிவிட்டது’ என்ற முடிவு நம்பத்தக்கதல்ல.

உயிருக்கு ஆபத்து இங்கேதான். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் பையொன்றில் உறைந்து கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு கண்டது. 2002-இல் 4,060 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், தாளத்தைச் சீராக்க மருந்து கொடுத்த பிரிவிலும் பக்கவாதங்கள் நேர்ந்தன. பெரும்பாலானவை ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தியவர்களுக்கும் போதிய அளவில் எடுக்காதவர்களுக்கும் வந்தவை. அந்த மாத்திரையை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை வைத்து மருத்துவர் முடிவு செய்கிறார். நாடி சீராக இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

ஏஎஃப் திரும்பாமல் இருக்க நோயாளியின் கையில் என்ன இருக்கிறது? முன்பு யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நிறையவே. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரஷாந்தன் சாண்டர்ஸ் குழு, உடல் பருத்த 355 ஏஎஃப் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் குறைத்து அப்படியே காத்தவர்களுக்கு, ஏஎஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி கரைந்துபோனது. மேலறையைச் சுற்றிப் படியும் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு எல்லாம் மேலறையை விரித்து நோயாக்குபவை. எடை குறையும்போது இவை சேர்ந்தே தணிகின்றன. தைராய்டு மிகையாகச் சுரப்பதும் ஒரு காரணம். அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

மது பற்றிய சான்று இன்னும் நேரடியானது. ஆஸ்திரேலியாவிலேயே வழக்கமாகக் குடிக்கும் 140 ஏஎஃப் நோயாளிகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் குடியை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும், நிறுத்தச் சொன்ன பிரிவில் 53 சதவீதம் பேருக்கும் ஏஎஃப் திரும்பியது. காபிப் பிரியர்களுக்கு ஒரு நற்செய்தி. மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்குப் போகும் 200 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான ஆய்வில், தினமும் காபி குடித்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், காபியை விட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கும் தாளக் கோளாறு திரும்பியது. காபியை விட்டுவிடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரையை இனி மறுபரிசீலனை செய்யத்தான் வேண்டும்.

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் முதியவர்களைப் பற்றியவை. இந்தியாவின் ஏஎஃப் வேறு முகம் கொண்டது. இந்தியாவில் தொகுத்த ஏஎஃப் பதிவேடு ஒன்றில் நோயாளிகளின் சராசரி வயது 55-ஐ ஒட்டியே இருந்தது. பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்குக் காரணம் ருமாட்டிக் இதய நோய். சிறுவயதில் வந்த தொண்டைத் தொற்றைத் தொடர்ந்த காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. பல ஆண்டுகள் அழுத்தம் தாங்கிய இடது மேலறை விரிந்து, ஒருநாள் நடுங்கத் தொடங்குகிறது. மெக்கன்ஸி கவனித்த பெண்ணின் நோயும் அதுதான். இங்கிலாந்து அதைக் கடந்துவிட்டது. நாம் இன்னும் கடக்கவில்லை. வால்வைச் சரிசெய்யாமல் தாளத்தை மட்டும் சரிசெய்தால் இவர்களுக்கு அது நிலைப்பது கடினம். புதிய ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளில் ஒன்று இவர்களுக்குப் பழைய வார்ஃபரினைவிட மேலா என்று இந்தியா உட்படப் பல நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். 2022-இல் வந்த விடை தெளிவானது: ருமாட்டிக் நோயாளிகளுக்கு வார்ஃபரினே மேல். அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும் என்ற சலிப்பால் அதைக் கைவிட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதை ஐரோப்பாவின் இன்னோர் ஆய்வு உறுதி செய்தது. ஏஎஃப் கண்டறிந்து ஓராண்டுக்குள் உள்ள 2,789 பேரில் ஒரு பாதியினருக்கு உடனடியாகத் தாளத்தைச் சீராக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களுக்கு இதயநோய்ச் சாவு, பக்கவாதம் போன்ற கேடுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால், நன்மை தெளிவாகிவிட்டது என்று 2020-இல் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். அந்த மாஸ்ட்ரிக்ட் ஆடுகள் முன்பே காட்டியதை மனிதர்களிடமும் கண்டதாகவே நான் இதைப் படிக்கிறேன். நடுக்கம் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ, மேலறை கற்றதை மறக்க அவ்வளவு வாய்ப்பு. தாமதமான ஒவ்வோர் ஆண்டும் நார்த்திசுவுக்குப் போகும் ஆண்டு.

ஆகவே, ஏற்கெனவே சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏஎஃப் திரும்பினால் மனம் உடையாதீர்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் படபடக்கும்போதே ஈசிஜி எடுத்துவிடுங்கள். அந்த ஒரு தாள் அடுத்த முடிவை எளிதாக்கும். திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நாடி சீராக இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள்; இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்த வாரமே ஈசிஜி எடுக்க அழைத்துச் செல்லுங்கள்.